மூன்றாவது விலை

ஸ்கந்தராஜா வீட்டில் மூன்று பேரிடம் விலை கேட்காமல் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. கூரை ஒழுகினாலும் சரி, மகள் தர்மினியின் கல்யாணத்துக்குச் சாப்பாடு சொன்னாலும் சரி, மூன்று பேர் வர வேண்டும். மூன்று பேரும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மிகக் குறைந்த விலையைத்தான் எடுப்பார் என்றும் இல்லை. பல முறை நடுவில் இருந்ததை எடுத்தார். ஒரு முறை எல்லாவற்றிலும் கூடினதையே எடுத்தார். மூன்று இல்லாமல் எடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் மூன்றாவது ஆளுக்காகக் காத்திருந்தபோது ஹாலின் சீலிங் பலகை ஊறி சோபாவின் மேல் விழுந்தது. ஸ்கந்தராஜா விழுந்த பலகையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வேலை கூடிப்போச்சு. முதல் வந்த ரெண்டு பேரையும் திரும்ப வரச் சொல்லவேணும்" என்றார். மனைவி புஷ்பராணி பழைய துணியை விரித்துத் தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

அலுவலகம் அவருக்குக் கொடுத்த பழக்கம் அது. பாரிட் புந்தார் பொதுப்பணி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பத்து காஜா ஊரில் ஓய்வு பெறும்வரை, குத்தகைக்காரர்கள் தரும் விலைகளைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. வேலையை எடுக்க நினைக்கிறவன் தன் விலையோடு, கூட்டாளிகள் இருவரின் பெயரில் கொஞ்சம் கூட்டிப் போட்ட விலைகளையும் தானே தயாரித்துக் கொண்டுவந்துவிடுவான். அந்தத் தொழிலில் அது புதிதல்ல. ஸ்கந்தராஜா கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் மூன்றையும் திருப்பி அனுப்புவார். அதற்காக யாரும் அவரைப் பாராட்டியதில்லை. குத்தகைக்காரர்கள் அவர் மேசைக்கு வராமல் இருக்க வழி பார்த்தார்கள். யாரிடமும் எதையும் சும்மா வாங்கியதில்லை என்று புஷ்பராணி அவரைப் பற்றிச் சொல்வாள். பெருமையாகச் சொல்கிறாளா அலுப்பில் சொல்கிறாளா என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

நுரையீரல் சுருங்கும் நோய் அவருக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துப் படுத்து முதுகு புண்ணாகத் தொடங்கியபோது டாக்டர் புஷ்பராணியைத் தனியாகக் கூப்பிட்டார். இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, விருப்பமென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அது இரவும் பகலும் ஓட வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற தாதி, வீட்டில் கரண்ட் எப்படி என்று கேட்டாள்.

புஷ்பராணிக்குப் பொய் வராது. ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டில் அவர்கள் வாங்கிய வரிசை வீட்டுக்கு அவர்கள் கல்யாணத்தின் வயது. இடி இடித்தால் மெயின் சுவிட்ச் விழுந்து கரண்ட் போகும். கேத்தலையும் வாஷிங் மெஷினையும் சேர்த்துப் போட்டாலும் விழும். அதைச் சொன்னாள். தாதி தலையை ஆட்டினாள். முதலில் வயரிங்கைச் சரிபண்ணுங்கள், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

வீட்டுக்குப் போகலாம் என்றதும் ஸ்கந்தராஜாவின் முகம் மாறியது. வீட்டில் அவர் அறை ஜன்னலில் சுண்ணாம்பு மலை தெரியும். அந்தக் கட்டிலில் படுத்தால் போதும் என்று அவர் பல நாளாகச் சொல்லிவந்தார். மூக்கில் குழாயோடு, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்து, அவர் சொன்னது இதுதான்: "மூண்டு பேரிட்ட விலை கேள்."

முதலில் ஸ்டானிஸ்லாஸ் வந்தார். பத்து காஜாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோது, தான் வளர்ந்த தொழிலாளர் லயம் இருந்த இடத்தில் எழும்பிய வீடுகளுக்கே வயர் இழுத்து இந்தத் தொழிலைக் கற்றவர். புஷ்பராணி வீட்டுக்கு அவர் புதியவரும் அல்ல.

"கரண்ட் கேட்டுக்கு ஒரு கோட்டேஷன் குடுத்தேன், சுடுதண்ணி ஹீட்டருக்கு ஒண்ணு குடுத்தேன், வெளி லைட்டுக்கு ஒண்ணு குடுத்தேன். வேலை எல்லாம் வேற ஆளு செஞ்சாச்சு" என்று சிரித்தபடியே மெயின் பெட்டியைத் திறந்தார். "இந்த வீட்டுக்கு கோட்டேஷன் குடுக்கத்தான் எங்கம்மா என்னைப் பெத்தாங்க லா."

"கோவிக்காதீங்க ஸ்டானிஸ்லாஸ். இந்த முறை அவசரம்."

"சார் எப்பிடி இருக்காருக்கா?"

அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. தான் கொண்டுவந்த ஏணியை ஸ்டோர் ரூமில் சாய்த்து சீலிங்குக்கு மேலே ஏறி, நெடுநேரம் கழித்து, தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினார்.

"ஒட்டுப் போட்டா நானூறு ஐந்நூறு வெள்ளியில முடிச்சிரலாம்கா. ஆனா அந்த மெஷினுக்கு அது ஆகாது. வயரைத் தொட்டாலே தோல் உதிருது. முழுசா மாத்தணும். லைட்டு, ஃபேன், பிளக்கு எல்லாம் பாயிண்ட் கணக்கு, ஒரு பாயிண்டுக்கு நூறுக்கு மேல வரும். மெயின் பெட்டி புதுசு, எர்த்துக் கம்பி புதுசு. செவுத்துக்கு வெளிய பைப் விட்டுப் போட்டா ஆறாயிரத்தி நானூறு. செவுத்தை வெட்டினா இன்னும் மேல போகும். சூசாலா, ரொம்பத் தொல்லை, வெட்டாதீங்க."

இரண்டாவதாக ஒரு சீனர் வந்தார். வந்து பார்ப்பதற்கே எண்பது வெள்ளி வாங்கிக்கொண்டார். வேலையைத் தனக்குக் கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். எட்டாயிரத்து இருநூறு என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது ஆள் அகப்படவில்லை. தீபாவளிக்கு முந்திய மாதம். புதுவீட்டு வேலைகளில் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜெயபாலன் என்று ஒருவர் போனில், "நாளைக்கு வாரேன்கா" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அடுத்த நாள் கேட்டபோது, "நாளைக்குன்னா நாளைக்கேவாக்கா?" என்று அவரே வியந்தார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. இன்னொருவர், வேலை உறுதியென்றால் வருகிறேன், சும்மா விலை சொல்ல ஈப்போவைச் சுற்ற எனக்குப் பெட்ரோல் யார் கொடுப்பது என்று கேட்டார். அவள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய், இன்னும் ஒருவர் வரவேண்டியிருக்கிறது என்று சொன்னாள். அவர் சரியென்று தலையை ஆட்டிவிட்டு வார்டின் கூரையைப் பார்த்தார். அவர் கையைப் பிடிக்கும்போது ஒவ்வொரு நாளும் எலும்பு இன்னும் கொஞ்சம் தெரிந்தது.

பொறுக்க முடியாமல் ஸ்டானிஸ்லாஸுக்குப் போன் செய்தாள்.

"மூணாவதுதானே வேணும்? எங்கிட்டச் சொல்லக்கூடாதா? பத்துமலைன்னு என் கூட்டாளி ஒருத்தன் கம்பெனி வச்சிருக்கான். அவன் பேருல ஒம்பதாயிரத்துக்கு ஒண்ணு அடிச்சி அனுப்பச் சொல்றேன். எல்லாரும் செய்யிறதுதான்கா. இதுல யாருக்கு என்ன நட்டம்?"

எல்லாரும் செய்வதுதான் என்று அவளுக்கும் தெரியும். ஒருவர் மட்டும் வேலை பார்த்த காலம் முழுவதும் அதை அனுமதிக்கவில்லை என்பதும் தெரியும். ஆனாலும், "அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் மூன்று தாளையும் கட்டிலின் மேல் வைத்தாள். ஸ்கந்தராஜா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். முதல் இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதை எடுத்தார்.

"ஆர் இந்த ஆள்?"

"பத்துமலை எண்டு ஒருத்தர். பத்து காஜாப் பக்கம்."

"வீட்ட வந்தவரோ?"

"வந்தவர்."

"சீலிங்குக்கு மேல ஏறிப் பாத்தவரோ?"

"பாத்தவர்."

"என்னத்தில ஏறினவர்? எங்கட ஏணி உடைஞ்செல்லோ கிடக்கு."

"அவரே ஒண்டு கொண்டுவந்தவர்."

மூச்சு வாங்கினார். அவள் குழாயைச் சரிசெய்தாள். அவர் அவள் கையை மெல்ல விலக்கினார்.

"என்னத்தில வந்தவர்?"

"காரில."

"ஏணியைக் காருக்குள்ள வைச்சோ?"

புஷ்பராணி மற்ற இரண்டு தாள்களையும் நேராக அடுக்கத் தொடங்கினாள். ஸ்கந்தராஜாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து தாதியைக் கூப்பிட்டார். இருமல் அடங்கியபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. படுக்கையில் விழுந்த பிறகு அந்த முகத்தில் அவ்வளவு உயிரை அவள் பார்த்ததில்லை.

"பாவம் நீ, புஷ்பம். பொய் சொல்லிப் பழக்கமில்லை" என்றார். பிறகு அலுவலகக் குரல் வந்தது. "மூண்டும் தள்ளுபடி. திரும்பக் கூப்பிடு."

"உங்களுக்கு வீட்ட வர விருப்பமில்லையோ?" அவள் குரல் வார்டெங்கும் கேட்டது. "அந்த ஸ்டானிஸ்லாஸ் சரியான விலைதானே சொன்னவர்? ரெண்டு விலை இருக்கு, அவரிண்ட விலை குறைய. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் தாள்களின் மேல் வைத்தார். பிறகு சொன்னார்: "வர விருப்பம்தான். இப்பிடி இல்லை."

கார் நிறுத்துமிடத்தில் நின்று அவள் ஸ்டானிஸ்லாஸைக் கூப்பிட்டாள். "நாளைக்கே தொடங்குங்க. சாருக்குத் தெரிய வேணாம்." கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கேட்காமல் அவள் எடுத்த முதல் முடிவு அதுவாக இருக்கலாம். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தாள்.

சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் மெயினை மொத்தமாக அடைத்து, பழைய வயரையெல்லாம் ஒரேயடியாக உருவ வேண்டும் என்றார் ஸ்டானிஸ்லாஸ். சரியென்றாள். வீடு இருட்டானது. சீலிங் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். உருவிய வயர் ஹாலில் மலைபோல் குவிந்தது. அவருடைய அறையில் கட்டிலைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பகலெல்லாம் அவள் அங்கேயே நின்றாள். இரவில் அடுத்த வீட்டு மங்களம் அக்காவிடம் போய்ப் படுத்தாள்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஸ்கந்தராஜா, "வேற ஆக்களைக் கூப்பிட்டனியோ?" என்றார்.

"கூப்பிட்டிருக்கிறன்."

அவர் அவளையே பார்த்தார். கையை நீட்டி அவள் தோளைத் தொட்டார். தொட்ட விரலில் வெள்ளையாகச் சிமெண்ட் தூள் ஒட்டிக்கொண்டது. விரலைப் பார்த்தார். போர்வையில் துடைத்தார். அவர் கேட்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். கேட்கவில்லை. அதன் பிறகு வீட்டு ஜன்னலில் மலை தெரிகிறதா என்று மட்டும் கேட்டார். "மழை மூட்டம், தெரியேல்லை" என்றாள்.

அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் சீலிங்குக்கு மேலே இருந்தார். கீழே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

அரைமணி நேரத்தில் ஈமச் சடங்குக்காரர் போனில் கூப்பிட்டுவிட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுவரலாமா, அல்லது தங்கள் ஈமச்சடங்கு மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாமா? மகன் மிதுலன் மெல்பர்னிலிருந்து வந்து சேர இரண்டு நாளாகும், அதுவரை ஐஸ் பெட்டி ஓட வேண்டும் என்றார். கோலாலம்பூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்த தர்மினி அழுதபடி, "வீட்டுக்குத்தானேம்மா? அப்பா வீட்டுக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தவர்?" என்றாள்.

புஷ்பராணி ஹாலைப் பார்த்தாள். உத்தரத்திலிருந்து புது வயர் முனைகள் தொங்கின. தரையில் பழைய வயர் குவியல். எலி கடித்த துண்டுகள், ஓட்டுத் தூசி, சிமெண்ட் மூட்டை. வேலை தொடங்கும்வரை இடி இடித்தால் விழுகிற கரண்டாவது இந்த வீட்டில் இருந்தது. அவள்தான் அதையும் பிடுங்கச் சொன்னாள்.

"அக்கா, கேளுங்க" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "நான் போட்டுத் தாரேன். மங்களம் அக்கா வீட்டுலேருந்து ஒரு லைன் இழுக்கிறேன். ஹாலுக்கு ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், ஐஸ் பெட்டிக்கு ஒரு பாயிண்ட். இந்தக் குப்பையை ஆளுங்க அள்ளிப் போட்டுருவாங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாம் ரெடி. சாரை இங்கேயே கொண்டாந்துரலாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எவ்வளவு ஆகும்?"

"என்னக்கா நீங்க? காசெல்லாம் வேணாம்."

"எவ்வளவு எண்டு சொல்லுங்க."

"வேணாம்கா. சாருக்கு நான் செய்யிறது. விடுங்க."

"சும்மா செய்தா அவர் வர மாட்டார். ஒரு விலை சொல்லுங்க, ஸ்டானிஸ்லாஸ்."

அவர் கையிலிருந்த இடுக்கியைத் திறந்து மூடினார். அவர் கண் கலங்கியிருந்தது. "இதுக்குப் போய் நான் எப்பிடிக்கா விலை சொல்றது? ஒரு சாவுக்கு? நான் என்ன மனுசன்?"

"அப்ப வேணாம்" என்றாள் புஷ்பராணி. போனை எடுத்து, மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சடங்குக்காரரிடம் சொன்னாள். பிறகு தர்மினியைக் கூப்பிட்டுச் சொன்னபோது, அவள் மறுமுனையில் ஏனென்று கத்தினாள். வீட்டில் வயரிங் வேலை நடக்கிறது என்று மட்டும் புஷ்பராணி சொன்னாள்.

ஐம்பது வெள்ளி என்று அவர் சொல்லியிருந்தால்கூட அவள் ஒப்புக்கொண்டிருப்பாள். பத்து வெள்ளி என்று சொல்லியிருந்தாலும் போதும். அவள் கேட்டது அதைத்தான் என்பது ஸ்டானிஸ்லாஸுக்குப் பிற்பகலில், மண்டபத்துக்குப் போகும் வழியில்தான் புரிந்தது. அதற்குள் ஸ்கந்தராஜாவை ஏற்றிய வண்டி குனோங் ராபாட் முச்சந்தியில் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போய்விட்டிருந்தது.