வாலில்லாத கூடுகள்

நாமக்கல் போகிற பஸ் நடுவழியில் கொதித்து நின்றுவிட்டது. தண்ணீர் எடுக்கப் போகும் டிரைவரோடு நானும் சாலையோரக் கிணற்றுக்கு வருகிறேன். கிணற்றுக்குள் சாய்ந்த கருவேலமரம் முழுக்கத் தூக்கணாங்குருவிக் கூடுகள்.

சென்னையில் பறவைகளைப் பற்றி எழுதுகிற ஒருவருக்கு ஊர் ஊராகக் குருவிக் கணக்கு எடுத்துத் தருவதாக நானாகத்தான் ஒப்புக்கொண்டேன். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு நாளையோடு விடுமுறை முடிகிறது. அவசரமாக எண்ணி, 'கூடு முப்பத்தொன்று, ஜோடி முப்பத்தொன்று' என்று நோட்டில் எழுதுகிறேன். அதற்குள் டிரைவர் தண்ணீரோடு திரும்பிப்போய் பஸ் ஹாரன் அடிக்கிறார்.

மாடு பூட்டிய கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த விவசாயி மாடுகளை நிறுத்துகிறார்.

"ஏனுங்க, எதை எண்ணறீங்க?"

"இங்கே எத்தனை ஜோடி குருவி குஞ்சு பொரிக்கிறது என்று பார்க்கிறேன்."

"வாலு நீளமாத் தொங்குற கூட்டுலதானுங்க குஞ்சு இருக்கும். மத்ததெல்லாம் ஆண்குருவி பாதியில உட்டதுங்க. பொட்டை வந்து பாக்கும், புடிக்கலீன்னா போயிரும்."

மறுபடி அண்ணாந்து பார்க்கிறேன். வால் உள்ளவை பன்னிரண்டுதான். ஜோடிக்கு எழுதிய முப்பத்தொன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதுகிறேன்.

"அதான் திருத்திட்டீங்களே, பஸ்ஸுக்குப் போங்க" என்கிறார்.

ஹாரன் விடாமல் அடிக்கிறது. நான் நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டுகிறேன். இதே மாதிரி எண்ணிய ஏழு ஊர்க் கணக்கை இன்று காலையில்தான் திருச்செங்கோட்டில் தபாலில் போட்டேன்.