மூன்று முறை திருத்திய மனு

போன வாரம் அண்ணன் மகள் செல்போனில் இங்கிலீஷில் ஏதோ விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தாள். 'தி' விட்டுப்போன இடத்திலெல்லாம் போனே கோடு போட்டது. அவள் விரலை வைத்ததும் 'தி' வந்து உட்கார்ந்துகொண்டது. "இதுக்கா அத்தே காலம் பூரா தொண்ட கிழிய கத்துனீங்க?" என்று சிரித்தாள். எனக்கென்னவோ அந்தக் கோட்டைப் பார்த்ததும் சிவப்பு மை வாடைதான் அடித்தது.

மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துச் செய்கிற மை அது. அறுபதுகளில், செஞ்சியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இங்கிலீஷ் டீச்சர் நான். வயது இருபத்திரண்டு, கர்வம் அதைவிடக் கொஞ்சம் மூத்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் தவறியவர்களுக்குப் பள்ளி விட்டதும் தனி வகுப்பு எடுத்தேன். கோட்டை ஊரிலேயே கோட்டை விட்டவர்கள் என்று கேலி வேறு செய்வேன்.

உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு முன்னால் 'தி' போட வேண்டும், சூரியன், சந்திரன், ஆகாயம் என்பேன். "நம்ம ராஜகிரியும் ஒண்ணே ஒண்ணுதான டீச்சர், அதுக்கு ஏன் வாணான்றீங்க?" என்று கோட்டை மலையைக் காட்டிக் கேட்பார், வகுப்புக்கு வரும் கன்னியப்பன். மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை. என்னைவிட இரண்டு வயது பெரியவர்.

அவர் வீடு ஊருக்கு வெளியே ஒரு சின்னக் குன்றின் அடியில் இருந்தது. ஏழெட்டுக் குடிசைகள். மேலே பெரிய பாறை ஒன்று, கீழே ஒரு கல்லின் முட்டில் நின்றது. எங்கள் ஊர் மலைகளே அப்படித்தான், யாரோ கொட்டிவிட்டுப் போனது போலிருக்கும். ஒரு கான்ட்ராக்டர் அந்த முட்டுக்கல்லையே உடைக்க ஆள் வைத்துவிட்டார். நான் சார்பு வாக்கியம் நடத்தும்போது தூரத்தில் சம்மட்டிச் சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் கன்னியப்பனின் பேனாவும் நின்றுவிடும்.

தாலுகா ஆபீசில் தமிழில் எழுதிய மனு காகிதக் கட்டின் அடியில் போய்விடும், இங்கிலீஷில் இருந்தால்தான் மேலே போகும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். ஒரு வெள்ளிக்கிழமை அவரே இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்தார். "பெரிய கல் விழும். என் அப்பா நடக்க மாட்டார். கல் உடைப்பதை நிறுத்துங்கள்." அவ்வளவுதான், மூன்றே வரி. நான் சிவப்பு மையைத் தொட்டு, 'தி' விட்டுப்போன இடங்களையெல்லாம் சுழித்தேன். "நாளைக்குத் திருத்தி எழுதிட்டு வாங்க" என்றேன்.

எழுதி வந்தார். மூன்று வாக்கியத்தையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது.

"மழ வுடாம பேயுது டீச்சர். நைனாவ தூக்கினு போவலாம்னா, எங்க போறதுன்றாரு. இத இப்பிடியே குடுத்துட்டா இன்னா?"

"ஆபீசர் படிச்சா சிரிப்பார். என் பேர்தான் கெடும்" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

மூன்றாவது தடவை, சனிக்கிழமை, ஒரே நீள வாக்கியமாக மனு வந்தது. தப்பே இல்லை. நடக்க முடியாத அவருடைய நைனா சார்பு வாக்கியம் ஒன்றுக்குள் எங்கோ நடுவில் கிடந்தார். எனக்கு அவ்வளவு பெருமை. கன்னியப்பன் மூடப்போகும் நேரத்தில் ஓடி ஆபீசில் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை மழை விட்டிருந்தது. குடிசைக்காரர்கள் எல்லோரும் களையெடுக்கப் போய்விட்டார்கள். நான் முதல் பீரியடில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பலகை அதிர்ந்து சாக்பீஸ் கீழே விழுந்தது. பிள்ளைகள் இடி என்றார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது.

குடிசையில் அவருடைய நைனா மட்டும்தான் இருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு கன்னியப்பன் பள்ளிக்கு வந்தார். வராண்டாவில் நின்றபடியே பேசினார். "நான் மொதல்லியே தப்பில்லாம எழுதியிருக்கணும் டீச்சர். ஒரு வாரம் முன்னாடியே குடுத்திருக்கலாம். எனக்குத்தான் படிப்பு ஏறல." படுபாவி நான், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் அவர் வகுப்புக்கு வரவேயில்லை. மெட்ராஸ் போய்விட்டார் என்றார்கள்.

இப்போது அந்தக் குன்றே இல்லை. உடைத்து உடைத்து ரோட்டுக்கு ஜல்லியாகப் போய், அந்த இடத்தில் பள்ளம்தான் கிடக்கிறது. குடிசைகள் இருந்த இடத்தைக் காட்டக்கூட ஆளில்லை. அந்த மனுவின் மூன்று தாள்களும் எங்கே போயினவோ. நறுக்கென்று நாலு வார்த்தை எழுதத் தெரியாத மனிதர் என்று நான் திருத்த உட்கார்ந்தேனே, அந்த முதல் தாள், அன்றைக்கே, படித்தவுடனே எனக்குப் புரிந்திருந்தது.