ரெண்டும் ரிஜெக்ட்

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து விரலை மோந்து பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். நோட்டாவை அமுக்கினேன், மிஷின் 'கீ' என்றது, அவ்வளவுதான். மிச்சம் இந்த மை வாசனை ஒன்று. அது எனக்கு எப்போதுமே தோலுக்கு ஏற்றும் சாயத்தைத்தான் ஞாபகப்படுத்தும்.

சாயம் என்றதும் இருபது வருஷத்துக்கு முந்திய எங்கள் ஆம்பூர் தெருக் கிணறு. தண்ணீரை டம்ளரில் பிடித்தால் டீ மாதிரி இருக்கும். ஒரு விருந்தாளி சர்க்கரை போதவில்லை என்றார். (பொய்தான். ஆனால் சொல்லியிருப்பார்.) எல்லாம் தோல் கம்பெனிக் கழிவு. எனக்கும் அந்த மாதிரிக் கம்பெனியில்தான் சம்பளம் என்பதால் வாயை அளந்துதான் திறப்பேன். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் கிணற்றடியில் நின்று ஒருவரையொருவர் திட்டுவார்கள். இவர்கள் ஆண்டபோது கெட்டது என்பார் அவர், அவர்கள் ஆண்டபோது என்பார் இவர். கிணற்றை எட்டிப் பார்த்தவர் ஒருவர் இல்லை. தண்ணீரைவிட அந்த வாய்கள்தான் எனக்கு அதிகம் குமட்டின.

அப்போது நோட்டா பட்டன் கிடையாது. யாருக்கும் ஓட்டு இல்லையென்றால், மை வைத்த பிறகு அதிகாரியிடம் 'நாற்பத்தொன்பது ஓ' என்று தேர்தல் விதியின் நம்பரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கட்சி ஏஜெண்டுகளின் காதில் விழ. அப்படித்தான் செய்யப்போகிறேன் என்று கம்பெனி கேண்டீனில் மேசையைத் தட்டி அறிவித்துவிட்டேன்.

மறுநாள் சாவடிக்குள் போனால், ஏஜெண்டுகள் பெஞ்சில் ஒரு கட்சிக்கு என் மனைவியின் அண்ணன் தில்லிபாபு. இன்னொரு கட்சிக்குப் பக்கத்து வீட்டு இக்பால், என் பால்ய தோஸ்த். என் முட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்துகொண்டு தனித்தனியாக ஆடின. நம்பர் மறந்துபோனது. கம்பெனியில் என் வேலை, தோலை மேசையில் விரித்து, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, உண்ணிக்கடியோ கத்திவெட்டோ இருந்தால் உரக்கக் குரல் கொடுப்பது. பயத்தில் நாக்கு பழகிய வழியிலேயே போய்விட்டது.

"ரிஜெக்ட்!"

அதிகாரி பதறிவிட்டார். "மிஷின் நல்லாத்தாங்க இருக்கு!"

"மிஷின் இல்ல சார். கட்சிங்க. ரெண்டும் ரிஜெக்ட்."

தில்லிபாபு எழுந்தே விட்டார். "இன்னா மாப்ள, வூட்ல எதுனா சண்டையா? என் தங்கச்சி எதுனா சொல்லிச்சா?"

"இன்னாத்துக்குடா?" என்றான் இக்பால். "எங்க மேல இன்னாடா கோவம்?"

"சீக்கிரம் முடிபா, பேஜாரு!" என்றது வரிசை.

"கிணத்த... வந்து எட்டிப் பாருங்க," என்றேன். குரலே கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்தது. அதிகாரி எல்லோரையும் அதட்டிவிட்டு, விதியைத் தேடிப் பிடித்து என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள், ஒருவர் போன பிறகு மற்றவர். எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "அவன் மேலதானே கோவம்? எங்க மேல இல்லியே?" என்று இருவரும் தனித்தனியாக என் காதில் கேட்டார்கள். சீக்கிரமே ஒரு கட்சியின் தண்ணீர் லாரி வந்தது. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா, இன்னொன்று வந்தது. இரண்டும் தெருமுனையில் முட்டிக்கொண்டு நிற்க, குடங்கள் நிரம்பின. பல வருஷம் ஊரில் எனக்கு 'ரிஜெக்ட்' என்பதே பெயர்.

அப்புறம் நோட்டா வந்தது. ரகசியம், முட்டி ஆடத் தேவையில்லை. யார் ஒதுக்கினது என்று தெரியாததால் கட்சிக்காரர்களுக்கும்தான். லாரிகள் நின்றன. கிணற்றை ஸ்லாப் போட்டு மூடி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொடிக்கம்பம் நட்டார்கள். கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். தில்லிபாபு இப்போது இக்பாலின் பழைய கட்சியில், இக்பால் தில்லிபாபுவின் பழைய கட்சியில். இருவரும் திட்டுகிற வசனம் மட்டும் மாறவில்லை. ஆளைத்தான் மாற்றிக்கொண்டார்கள்.

இன்று சாவடியை விட்டு வரும்போது, தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இருவருக்கும் நடுவில் வேண்டுமென்றே போய் நின்றேன்.

"ரெண்டும் ரிஜெக்ட்," என்றேன், பழைய குரலில்.

"சரி மாப்ள, டீ சாப்ட்டுப் போ," என்றார் தில்லிபாபு, போனிலிருந்து தலை தூக்காமல்.

இக்பால் டீயை நீட்டினான். நிறம் எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரியே இருந்தது. 'இன்னாத்துக்குடா?' என்று அன்றைக்குப் போலவே அவன் கேட்பான் என டம்ளர் காலியாகும்வரை நின்றிருந்தேன். கேட்கவில்லை.