செங்கடலைப் பிரிக்கும் மரியசெல்வி

"தள்ளி நில்லுங்க, ஆவி அடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே மரியசெல்வி பால் சட்டிக்குள் கரண்டியை விட்டு, மேலே படிந்த ஆடையை நடுவில் கீறி இரு பக்கமும் ஒதுக்குகிறார். இடைவெளியில் சூடான பால் மேலே வருகிறது. குளிர்காற்று பட்டதும் அதன்மேலும் மெல்லிய ஆடை படிகிறது. "பாத்தீங்களா? செங்கடலுக்கு அடியிலயும் இதேதானுங்க. தரை ரெண்டாப் பிரியுது. உள்ளிருந்து பாறைக்குழம்பு மேல வந்து, ஆறி, புதுத் தரையாயிருது." காபி கேட்டு வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சாலையில் இவருடைய காபிக்கடை. மலைப் பாறைகளை ஆராய வந்த ஒரு பேராசிரியர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. மரியசெல்வி சர்க்கரை போட மறந்தாலும் மறப்பார், இதைச் சொல்ல மறக்கமாட்டார். "கோயில்ல ஃபாதர் சொல்ற அதே செங்கடலுதாங்க. அன்னிக்குச் சனங்க நடந்து போகப் பிரிஞ்சது மூடிக்கிச்சு. இது மூடறதே இல்லீங்க" என்பதில் அவருக்கு நொம்பப் பெருமை.

இத்தனை அக்கறைக்கும் காரணம் மகள் தேவகுமாரி. ஜித்தாவில் நர்ஸ் வேலை. ஊர்ப்பக்கம் வந்து நான்கு வருடமாகிறது. ஜித்தா இருப்பது செங்கடலின் நம் பக்கத்துக் கரையில். கடல் அகல அகல அந்தக் கரை நம்மை நோக்கி வருகிறது என்பது அம்மாவின் கணக்கு. "வருசத்துக்குச் சுண்டுவெரல் அகலமுங்க. ஆப்பிரிக்கா அந்தாண்ட போவுது, எம்பொண்ணு இந்தாண்ட வர்றா." நாம் நிற்கும் நிலமும் சும்மா இல்லை, அதுவும் வடக்கே நகர்கிறது என்று சொல்ல எனக்குப் பலமுறை நாக்கு துறுதுறுத்தது உண்டு. காபி நன்றாக இருக்கும். வாயை மூடிக்கொள்வேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள் வருகிறாள் என்று புதுக் கம்பளி வாங்கி வைத்திருந்தார். போன செவ்வாய்க்கிழமை நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். மரியசெல்வி நின்றபடியே படித்தார்.

"லீவு இல்லீங்களாம். இன்னும் ரெண்டு வருசம் இருக்கோணுமாம்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். 

"ஏனுங்க, ஜித்தா இருக்கற மேக்கு இந்தப் பக்கந்தானுங்களே?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"அங்கிருந்து வர்றது மெதுவாத்தானுங்க வரும்" என்றவர், உட்காரும் முக்காலியை மேற்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு அமர்ந்து, கடிதத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.