கேதம் சொல்ல வந்தவர்

என் அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட நான் போகவில்லை. எங்கள் பக்கம் ஒரு பெண் எந்த வயதில் கண்ணை மூடினாலும், கூடப்பிறந்தவன் புதுச்சேலையோடு வந்து அவள்மேல் போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். அக்காவுக்கு மிஞ்சியிருந்த கூடப்பிறப்பு நான் ஒருவன்தான். அவள் உயிரோடு இருந்தபோதே இதை வைத்து என்னைக் கேலி செய்வாள்.

"பெரிய பிரின்சிபல்தான், ஆனா ஒனக்குத் துணி எடுக்கத் தெரியாதுடா. எனக்குக் கோடி எடுக்கிறப்ப அந்த வழுக்குற நைலெக்ஸ எடுத்துட்டு வந்துறாத. செத்தும் அத இழுத்து இழுத்து விட்டுக்கிட்டுக் கெடக்க என்னால முடியாது."

அவள் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், மகனோடு இருந்தாள். நான் ஓய்வு பெற்றபின் ஹட்டன் ஓரத்தில் ஒரு சிறிய வீட்டில் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் என் மனைவி கொழும்பில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் இது நடந்தது.

ஒரு நாள் காலையில் எல்லோருடைய கைத்தொலைபேசியும் செத்துக் கிடந்தது. எங்கள் மலையில் சிக்னல் எடுப்பது ஒரே ஒரு கம்பெனிக்குத்தான். அதன் தலைமைக் கணினிகள் நின்றுவிட்டதாகவும், சரிசெய்ய நேரமெடுக்கும் என்றும் வானொலி சொன்னது. வங்கிகளின் பண இயந்திரங்களும் அதோடு நின்றன. ஏன் நின்றது என்று வானொலி சொல்லவில்லை. அதை ஊர் சொன்னது.

வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் கடைக்காரர் நானாவின் கடையில் அன்று நல்ல கூட்டம்.

"சேர், பேங்க் மிஷினும் வேல செய்யுதில்ல. நம்ம சல்லியெல்லாம் சுருட்டிட்டு ஓடப் போறானுங்களா?" என்று நானா என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கோதுமை மா வாங்க நின்ற ஒருவர் முந்திக்கொண்டார். "அது இல்ல நானா. தோட்டத்துல ஸ்ட்ரைக் வரப்போவுதுல்ல? நாங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கக் கூடாதுன்னு கவர்மென்ட்டே கட் பண்ணிருச்சு."

"ஒங்க ஸ்ட்ரைக்குக்காகக் கொழும்புக்காரனுக்கும் சேத்து கட் பண்ணுவானாக்கும்?" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு பெண். "பெரிய ஆளுதான் நீங்க."

எல்லோரும் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆயுள் முழுக்க வகுப்பறையில் நின்றவனுக்கு அந்தச் சொல் வரவில்லை.

"காரணம் என்னவா வேணா இருக்கட்டும். இப்பிடி நாள்லதான் திருடன் வருவான்," என்றேன். "ஒங்க சொந்தக்காரருக்கு சீரியஸ், ஒடனே வாங்கன்னு ஆட்டோல வந்து நிப்பான். நிசமா பொய்யான்னு போன் பண்ணிக் கேக்க வழியில்ல பாருங்க. நீங்க அந்தப் பக்கம் ஏறிப் போனா, இந்தப் பக்கம் வீட்டத் தொடச்சு எடுத்துருவானுங்க."

அது என் ஊகம் மட்டுமே. எங்கும் கேட்டதில்லை, படித்ததில்லை. கடை அமைதியாகிவிட்டதைப் பார்த்து உள்ளூர மகிழ்ந்தேன்.

பிற்பகலில் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டாள். "சேர், தனியா இருக்கீங்க, கேட்டப் பூட்டிக்கிட்டு இருங்க. தலவாக்கலையில ஒரு வீட்டுக்கு ஆட்டோல வந்து, மகனுக்கு ஆக்சிடென்ட்டுன்னு கூட்டிட்டுப் போய், வீட்டையே காலி பண்ணிட்டானுங்களாம்!"

"யாரு சொன்னா?"

"நானா கடையில எல்லாரும் பேசிக்கிறாங்க. நல்லாப் படிச்ச ஆள் ஒருத்தர் சொன்னாராம்."

அந்தப் படித்த ஆள் நான்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. காலையில் நான் நினைத்தது பிற்பகலில் நடந்தே விட்டதே என்று பெருமைப்பட்டேன். போய்க் கேட்டைப் பூட்டினேன்.

மாலை மழையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கம்பளித் தொப்பி போட்ட, முன்பின் தெரியாத ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். நான் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன்.

"ஐயா, லிந்துலையில இருந்து வாறேன். ஒங்க அக்கா தவறிட்டாங்க. காலையிலதான். மகன் சொல்லச் சொல்லி அனுப்புனாரு."

"எங்க அக்காவுக்கு எத்தன புள்ள? சொல்லு பாப்போம்."

"எனக்குத் தெரியாதுங்க. நான் டவுன்ல ஆட்டோ ஓடுறவன். வீட்டு அடையாளம் சொல்லி அனுப்புனாங்க, வந்தேன்."

"அப்ப உள்ள வந்து உக்காரு. வெவரமாப் பேசுவோம்."

"இல்லங்க ஐயா, நான் உள்ள வரக் கூடாது."

அந்தச் சொல்தான் எனக்குப் போதுமானதாக இருந்தது. வெளிச்சத்துக்கு வரப் பயப்படுகிறான் என்று முடிவு கட்டினேன். கேதம் சொல்ல வந்தவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். இது எங்கள் சனத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானே எத்தனையோ வீடுகளுக்குச் சாவுச் செய்தியோடு போய் வெளியே நின்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

"திருட்டுப் பயலே, போறியா, போலீசுக்குப் போன் பண்ணவா?" என்று கத்தினேன்.

"பண்ணுங்க ஐயா. போன் வேல செஞ்சா நான் ஏன் இந்த மழையில வாறேன்?"

ஜன்னலைச் சாத்தினேன். அவர் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் மாலைதான் தொலைபேசிக்கு உயிர் வந்தது. வந்ததும் தேங்கியிருந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. முதலில் 'மாமா, அம்மா போயிட்டாங்க'. கடைசியில் 'இனி வைக்க முடியாது மாமா, எடுக்கிறோம்'.

அக்கா மகன், என் மருமகன், எனக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று நினைத்தேன். தெரிந்த முகத்தை அனுப்பியிருக்கக் கூடாதா? அவனே ஓடி வந்திருக்கக் கூடாதா? அதற்கடுத்த நாள் காலையில் கடை திறக்கக் காத்திருந்து ஒரு பருத்திச் சேலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். லிந்துலை வரும்வரை அந்தக் கோபத்தை ஊதி ஊதி வைத்திருந்தேன். அது அணைந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

லயத்து வாசலில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். மருமகன் எழுந்து வந்தான்.

"ஏன் மாமா வரல? ஆட்டோக்காரரு வந்து சொன்னாருல்ல? நீங்க நம்பலன்னு சொன்னாரு. படிச்சவரு, யோசிச்சுப் பாத்துட்டு எப்பிடியும் வந்துருவாருன்னு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அம்மாவப் போட்டு வச்சிருந்தேனே."

"யாரும் வரல," என்றேன்.

வீட்டிலிருந்து திட்டமிட்டுக் கொண்டுபோன பொய் அல்ல. ஆனால் சொன்ன பிறகு திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை. மருமகன் என்னை அப்படியே நம்பினான்.

டவுனுக்கு ஆள் போய் அந்த ஆட்டோக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் நிம்மதியாகச் சிரித்தார். சாட்சி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. நான் ஒங்க கேட்டுல நின்னேனா இல்லியா?"

"இந்த ஆள நான் பாத்ததே இல்ல."

"ஹயர் காச வாங்கிக்கிட்டு எங்கயோ போய்த் தண்ணி போட்டுட்டு வந்துட்டான்," என்றார் ஒருவர். "வீடு வீடாப் போய் ஏமாத்துனானுங்களே, அந்தக் கூட்டத்துல இவனும் ஒருத்தனா இருப்பான்," என்றார் இன்னொருவர். என் ஊகம் லிந்துலைக்கும் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மருமகன் அவரை அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை, மருமகனைப் பார்க்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கொண்டுபோன சேலையை யாரும் கையில் வாங்கவில்லை.

பல மாதம் கழித்து மருமகனிடம் உண்மையைச் சொன்னேன்.

"கோடி போட வராததக்கூட நான் மறந்துருவேன் மாமா. ஒங்க வாய நம்பி அந்த மனுசன் மேல கைய வச்சேனே. என் கைய வச்சு அடிச்சது நீங்கதான்."

அதன்பின் அவன் என்னோடு பேசுவதில்லை. ஆட்டோக்காரரைத் தேடி நான் தனியாகப் போனேன். டவுனில் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் பார்க்கில் அவரைச் சேர்த்துக்கொள்வதில்லை; பாலத்துக்கு அப்பால் ஒதுங்கி நிறுத்தியிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லி என்னாங்க ஐயா? நான் வந்தது எனக்குத்தான் தெரியுமே. அங்க பார்க்குல போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். பார்க்கில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அவர் வந்தார், சொன்னார், நான்தான் பொய் சொன்னேன் என்றேன். ஒருவர் சிரித்தார்.

"அவன் எவ்வளவு குடுத்தான் ஐயா?"

"சும்மா இரு. வயசானவரு, அவன் கஷ்டத்தப் பாத்து எரக்கப்பட்டுப் பேசுறாரு," என்றார் இன்னொருவர். எனக்குப் பரிந்து பேசியவர் அவர்.

என் பொய்யைக் கேட்டவுடன் நம்பியவர்கள் என் உண்மைக்குக் காரணம் தேடினார்கள். இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். ஹயருக்கு ஆட்டோ கேட்டு ஒரு ஆள் வந்தார்; சிலர் அவர் பின்னால் போனார்கள். பாலத்துக்கு அப்பால் அவர் ஆட்டோவில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் அருகில் போகும் முன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இதை எழுதுவதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கட்டும். அன்று மாலை அவர் மழையில் வந்தார். என் கேட்டுக்கு வெளியே நின்று, முறைப்படி, என் அக்கா இறந்துவிட்டாள் என்று சொன்னார். எனக்கு அது நன்றாகக் கேட்டது.