சேவை என்று எதை ஒப்புக்கொண்டார்கள்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது.

தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் போகிற வழியில் இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் வார்டு பாயாக இருந்தேன். அறுபதுகளில் ஒவ்வொரு கோடையிலும், பி.யு.சி. பரீட்சை முடிந்ததும், டாக்டருக்குப் படிக்க மனுப் போட்ட பிள்ளைகள் அங்கே வந்து இறங்குவார்கள். மிஷன் மருத்துவக் கல்லூரி இன்டர்வியூவில், நோயாளிகளோடு பழகிய அனுபவம் உண்டா என்று கேட்பார்களாம். உண்டு என்று எங்கள் டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டைக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வருவார்கள். கட்டிலுக்குக் கட்டில் நின்று நாடி பிடிப்பார்கள். காய்ச்சல்காரனுக்கு ஒரு பன், ஒரு ஜெபம். எங்காவது வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டால் எல்லாரும் வராந்தாவுக்குப் போய்விடுவார்கள். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரும்போது சரியாகத் திரும்பி வந்து நிற்பார்கள்.

கல் குவாரியில் வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போன ஒருவர் அந்த வார்டில் படுத்திருந்தார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "இன்னாப்பா, காத்தாலேருந்து வர்றவன்லாம் கைய புடிச்சிக்கினு போறான். ஒருத்தனாவது தண்ணி வோணுமான்னு கேட்டானா?"

என் தெருவில் ஒரு பெண் இருந்தாள். தாய் இல்லை. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அந்தப் பெண் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போட்டு, வேளைக்கு ஊட்டிவிட்டு, இதற்கு நடுவில் படித்து நல்ல மார்க் வாங்கினாள். டாக்டராக வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதும் டாக்டரம்மாவைப் பார்க்க வந்தாள். நான் அந்த அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எந்த ஆஸ்பத்திரியில சர்வீஸ் பண்ணியிருக்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆஸ்பத்திரியில இல்ல டாக்டர். எங்க அப்பாவ ரெண்டு வருஷமா நான்தான் பாத்துக்கறேன்."

"அது வீட்டு வேலைம்மா. சொந்த அப்பாவ யாருதான் பாக்க மாட்டாங்க? ரெண்டு வாரம் நம்ம வார்டுல வந்து இரு, எழுதித் தரேன்."

"நான் இங்க வந்துட்டா அப்பாவ யார் பாப்பாங்க டாக்டர்?"

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. யோசித்து ஒரு வழி சொன்னார். அப்பாவையும் கொண்டுவந்து வார்டில் சேர்த்துவிடுவது. ஆனால் சொந்தக்காரரைப் பார்த்தால் சேவையில் சேராது. ஆகவே குவாரிக்காரர் அந்தப் பெண்ணுக்கு. அவளுடைய அப்பா, அனுபவம் தேடி வந்திருந்த ஒரு ஹெட்மாஸ்டர் மகனுக்கு. இப்படி ஒரு ஏற்பாட்டைப் படித்தவர்களால்தான் கண்டுபிடிக்க முடியும்.

முதல் நாளே அப்பா படுக்கையை அசுத்தம் பண்ணிவிட்டார். பையன் மூக்கில் கர்சீப்பை வைத்துக்கொண்டு நாலு கட்டில் தள்ளி நின்றான். நான் போவதற்குள் அந்தப் பெண் தண்ணீரும் துணியுமாக வந்துவிட்டாள்.

"தினமும் இதை மட்டும் நீங்களே பாத்துடுங்களேன். எனக்குக் குமட்டுது" என்றான்.

"குமட்டினா டாக்டராயி என்ன பண்ணுவீங்க?"

"அதுக்குத்தான் நர்ஸ்லாம் இருக்காங்களே."

பிறகு அப்படியே நடந்தது. இரண்டு நோயாளிகளையும் அவளே பார்த்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்தான். டாக்டரம்மா வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து பெரியவரின் கையைப் பிடிப்பான். நல்ல கையைப் பிடித்தால் அவர் உதறிவிடுவார். அதனால் விழுந்துபோன கையாகப் பார்த்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். அந்த இரண்டு வாரத்தில் அவன் கற்றது அது ஒன்றுதான்.

இருவருக்கும் சர்டிபிகேட் கிடைத்தது. பக்கவாத நோயாளியைப் பராமரித்ததாக அவனுக்கு எழுதியிருந்தது. இன்டர்வியூ முடிந்து வந்த அன்று அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: "அப்பாவப் பத்தியும் சொன்னேண்ணா. 'நீ சேந்துட்டா அவர யாரு பாப்பாங்க'ன்னு கேட்டாங்க. பெருங்களத்தூர்ல அத்தை இருக்காங்கன்னு சொன்னேன். கேட்டவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க."

சீட் அவனுக்குக் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டது அனுபவம் என்று வரும்போது அவர்கள் கண்ணில் படவில்லை, இடைஞ்சல் என்று வரும்போது பளிச்சென்று பட்டது.

இன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததைக் கோவிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருகிற நாள். இப்போது டாக்டராகிவிட்ட அந்தப் பையனைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றான். "பேசவும் முடியாத ஒரு பெரியவரைக் கர்த்தர் என் கையில் கொடுத்தார். என் கையால் அவரைத் துடைத்துச் சுத்தம் செய்தபோதுதான் என் அழைப்பை உணர்ந்தேன்" என்றான். நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா காலமாகிப் பல வருஷமாகிறது. அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

ஆராதனை முடிந்து, வெளியே காணிக்கைக் காய்களை ஏலம் விட்டார்கள். முதல் பூசணிக்காயை டாக்டர் பெரிய விலைக்கு எடுக்க, எல்லாரும் கை தட்டினார்கள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேண்ணா."

"ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்றது. அப்பா அவன் கைய உதறுவாரே, அதையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்" என்று சிரித்துவிட்டு, ஒரு முருங்கைக்காய்க் கட்டை ஏலம் கேட்கப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதிவிட்டேன். அந்தப் பெரியவரைத் துடைத்தது அவருடைய மகள். அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

1977 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை.