தூங்குகிற தெருவில் மைக் பிடித்தவன்

குன்றத்தூர் முருகன் மேல் ஆணை. மலையேறிப் போய்க் கற்பூரத்தை அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் தொண்டை கட்டிக்கொள்ளட்டும். ஏற்கெனவே கட்டித்தான் கிடக்கிறது என்பவர்களுக்குச் சொல்கிறேன், அது தொழிலால் வந்தது, பொய்யால் அல்ல.

தொழில் இதுதான்: இலவசத்தைக் கூவி விற்பது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனிகள் வந்த புதிது. கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இலவச சட்ட உதவி மையம் இருந்தது. அவர்கள் அவ்வப்போது ஏதாவது ஊரில் முகாம் போடுவார்கள். முகாம் வருகிறது என்று ஊருக்குச் சொல்வது என் வேலை. ஆட்டோ மேல் கூம்பு ஸ்பீக்கர், உள்ளே நான், என் கையில் மைக், முன்னால் ஓட்டுகிறவன் எல்லப்பன். காசு வாங்கி விற்கிறவனுக்கு வாங்க வருகிற ஆள் மட்டும்தான் தொல்லை. சும்மா கொடுக்கிறவனுக்கு ஊரே தொல்லை. நீங்களும் எதையாவது யாருக்காவது சும்மா கொடுத்துப் பார்த்தவர்களாக இருந்தால், என் பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

அளக்க வந்தவன்

அப்போது என் குரல் எப்படி இருந்ததென்று கேளுங்கள். பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று “அன்பார்ந்த பொதுமக்களே” என்று ஆரம்பித்தால், தண்ணீரில் முழுகிக் கிடக்கிற எருமைகள் எழுந்து நிற்கும். ஒருநாள் விடியலில் ஏரி மேல் பனி படர்ந்திருந்தது. நான் பேசப் பேச அந்தப் பனி கிழிந்து அக்கரை தெரிந்தது. எல்லப்பன் பார்த்தான். எருமைகளும் பார்த்தன.

இத்தனை குரலும் வீண். இலவசம் என்று நான் சொன்னதும் கதவுகள் சாத்திக்கொண்டன. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் கையை உதறிவிட்டு ஆட்டோவிடம் வந்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: “சும்மா சொல்லிட்டுப் போறேன்னு வந்தவன்தான் எங்க நெலத்த அளந்துகினு போனான். நீ இன்னாத்த அளக்க வந்த?”

முதல் மனு

முகாம் அன்று பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசை போட்டு, வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷி. வழக்கில்லாத நேரத்தில்கூட நிமிர்ந்தே உட்காருவார். வெயில் ஏறியது, ஒருவரும் வரவில்லை. நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது, ஒரு கூட்டமே தெருமுனையில் திரும்பி வந்தது. எல்லாம் இளவட்டம். கலைந்த தலை, வீங்கிய கண், நடையில் ஒரு தள்ளாட்டம். பாதி பேருக்குச் செருப்பு ஜோடி மாறியிருந்தது. என் குரல் கடைசியில் வேலை செய்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அவர்கள் கொடுத்த மனு என் மேல். விஷயம் என்னவென்றால், அந்த ஊர் வீடுகளில் பாதி வாடகை ரூம்களாகிவிட்டிருந்தன. தெற்கத்திப் பிள்ளைகள் இரவெல்லாம் கார் கம்பெனி லைனில் நின்றுவிட்டு, ஜன்னலில் பேப்பர் ஒட்டி இருட்டாக்கிப் பகலில் தூங்குகிறவர்கள். நான் ஊரைக் கூட்டுவதாக நினைத்து அவர்களுடைய நடுராத்திரியில் கூம்பு வைத்துக் கத்தியிருக்கிறேன். வக்கீலம்மா மனுவைப் படித்துவிட்டு, “வேறு ஏதாவது குறை இருக்கிறதா? ஓ.டி. சம்பளம், லீவு, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்” என்றார். தென்காசிப் பையன் ஒருவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியபடியே பதில் சொன்னான்: “சட்டம் பொறவு கெடைச்சாப் போதும்மா. மொதல்ல இவரு வாய மூடச் சொல்லுங்க.”

தாலாட்டு

வக்கீலம்மா மனுவை ஏற்றுக்கொண்டார். எதிர்வாதம் செய்ய எனக்கும் இலவச வக்கீல் உண்டா என்று கேட்டேன், முறைத்தார். அன்று முதல் ஆம்ப்ளிஃபையர் திருகை எல்லப்பன் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டான். நான் மைக்கை உதட்டோடு ஒட்டி, குழந்தை காதில் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லப்பன் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வருவான். தெரு முழுக்க வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும். பேப்பர் ஒட்டிய ஜன்னல் ஒவ்வொன்றுக்குள்ளும் மின்விசிறி சுற்றும் ஓசை, அதற்கு அடியில் மூச்சு ஓசை, அதற்கும் அடியில் என் குரல்.

வேலைக்குப் போகிற பெண்களுக்கு என்ன உரிமை, கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு, யாரிடம் போய்க் கேட்பது எல்லாவற்றையும் அப்படியே சொல்லிக்கொண்டு போவேன். எருமைகள் அசைபோடுவதை நிறுத்தாமல் கேட்டன. காக்கைகள் என்னை விடச் சத்தம் குறைத்துக்கொண்டன. தூங்கப் போகும்போது ஒன்றும் தெரியாத பையன், விழித்தெழுந்ததும் டீக்கடையில் தொழிற்சாலைச் சட்டம் பேசுகிறான். எங்கே படித்தாய் என்றால் முழிக்கிறான். ஒரு சூப்பர்வைசர் தன் லைனில் இருந்த ஆட்களையெல்லாம் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று கேள்வி. எல்லப்பன்தான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சலித்துக்கொண்டான்: “ஊர எழுப்பத்தான உன்னிய வெச்சாங்க நைனா? நீ இன்னாடான்னா தாலாட்டு பாடிகினு கீற.”

ஒரு பாய், மூன்று தூக்கம்

தெருவின் கடைசியில் ஏஜென்ட் தேவராஜின் மாடி வீடு. கீழே அவர் குடும்பம், மேலே பெண்கள் ஹாஸ்டல். கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனிக்கு ஆள் சேர்த்து, ஷிப்டுக்கு ஷிப்ட் பஸ்ஸை நிரப்பி அனுப்புவது அவர் வேலை. மேலே இடம் குறைவு. ஒருத்தி எழுந்த பாயில் அடுத்த ஷிப்டுக்காரி படுப்பாள். பாய் ஆறுவதே இல்லை.

ஒரு முற்பகலில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். பேச்சி என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம். அவளும் அவள் பாய்க் கூட்டாளிகள் இருவரும் மாறி மாறித் தூங்கியதில் என் பேச்சில் ஆளுக்கொரு துண்டு கேட்டிருக்கிறது. நைட் ஷிப்டுக்காரி காதில் விழுந்தது: ஒருவருடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டை வேறொருவர் பிடித்து வைக்க உரிமை இல்லை. முதல் ஷிப்டுக்காரி கேட்டது: கோர்ட்டுக்குப் பின்னால் உள்ள அறை. பேச்சி கேட்டது: பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பாய் மாற்றும்போது மூன்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

அவளுக்கு ஊருக்குப் பக்கத்தில் நர்ஸ் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் ஒரிஜினல் மார்க் ஷீட்டோடு போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு. வேலைக்குச் சேர்த்த அன்றே எல்லாருடைய ஒரிஜினலையும் வாங்கித் தன் பீரோவில் பூட்டிவிட்டார் தேவராஜ். சொன்ன காலம் முடியாமல் ஒருத்தியும் போய்விடக் கூடாதாம். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கேட்டால் கலைந்துவிடுமோ என்று பயப்படுகிற மாதிரி, அவள் கேட்டாள்: “தாத்தா, நான் கேட்டது சொப்பனமா, சட்டமா?”

மோர்

சட்டம்தான் என்று வக்கீலம்மா சொல்லி, அப்போதே நோட்டீஸ் அடித்துக் கையெழுத்துப் போட்டார். பேச்சியிடம் சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. இலவச உதவிக்குப் பெண் என்றாலே போதும், தொழிலாளி என்பது அதற்கு மேல். “கோர்ட்டுக்குப் போனால் நிச்சயம் ஜெயிப்போம். ஆனால் திங்கட்கிழமைக்குள் ஜெயிக்க முடியாதே” என்று அவர் பேனாவை மூடியபோது, பேச்சி தலையை ஆட்டினாள். அழவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு நாங்கள் நேரிலேயே போனோம். தேவராஜ் கோபக்காரர் இல்லை, அதுதான் கஷ்டம். உட்காரச் சொன்னார், மின்விசிறியைப் போட்டார், உள்ளே குரல் கொடுத்து மோர் வரவழைத்தார். நோட்டீஸை நிதானமாகப் படித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பின்னால் பச்சை பீரோ சாவி தொங்க நின்றது. “நானும் ஒரு வக்கீல வெச்சி பதில் போடறேன். அதுக்கு நீங்க ஒண்ணு போடுங்க. அதுக்குள்ள அந்தக் காலேஜ்ல கிளாஸே ஆரம்பிச்சிடுவாங்க. மோரு குடி பெருசு, வெயிலுக்கு நல்லது.”

ஒற்றைக் கண்

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலை பஸ்ஸை நிரப்பி அனுப்புகிறவர் என்பதால் தேவராஜ் உச்சிப் பொழுதில் சாப்பிட்டுக் கட்டையைச் சாய்த்துவிடுவார். அவர் ஜன்னலை ஒட்டி ஒரு பூவரச மரம். அதன் நிழலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். மைக்கை எடுத்தேன். “தேவராஜ், அந்தப் பிள்ளைகள் ராத்திரி பகலாய்ப் படித்து வாங்கிய காகிதம் அது. உன் பீரோவில் அதற்கு வேலை இல்லை. எழுந்திரு, திற, கொடு.” இதையே திரும்பத் திரும்ப, மூச்சுக்காற்று மாதிரி. பூவரசம்பூ ஒன்று மெதுவாக இறங்கி மைக் மேல் உட்கார்ந்தது. ஊது என்றான் எல்லப்பன். நான் ஊதவில்லை.

தேவராஜ் அசையவில்லை. அவர் குறட்டை எங்களுக்கே கேட்டது. ஆனால் கூம்பு ஸ்பீக்கர் மேலே பார்த்து இருந்ததை நான் கவனிக்கவில்லை. மாடிக் கதவு திறந்தது. ஒருத்தி இறங்கினாள், அடுத்து ஒருத்தி, பிறகு படிக்கட்டு முழுக்கப் பெண்கள். அவிழ்ந்த ஜடை, தோளில் போர்வை, கன்னத்தில் பாய்க் கோடு. எல்லாருக்கும் கண் மூடியிருந்தது. சத்தமே இல்லாமல் தேவராஜின் முன்னறையில் வந்து நின்று ஆளுக்கொரு கையை நீட்டினார்கள். அந்த நேரம் பார்த்து இரண்டாம் ஷிப்ட் பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஒருத்தியும் திரும்பவில்லை. மறுபடி ஹாரன். தேவராஜ் எழுந்து உட்கார்ந்தார். அறை நிறைய மூடிய கண்கள், நீட்டிய கைகள்; வெளியே காலி பஸ். “ஏம்மா, பஸ் போய்டும்மா, லைன் நின்னுடும்மா” என்றார். கைகள் அப்படியே இருந்தன. டிரைவர் எஞ்சினை உறுமவிட்டார். பீரோ திறந்தது. சர்டிபிகேட் கட்டை வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தார். கண்ணைத் திறக்காமலே ஒவ்வொருத்தியும் தன்னுடையதைச் சரியாக உருவிக்கொண்டாள். இரண்டாம் ஷிப்டுக்காரிகள் பஸ் ஏறினார்கள், மற்றவர்கள் படியேறிப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். பேச்சி மட்டும் இரண்டும் செய்யாமல் எங்கள் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

அவளைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, தூக்கத்தில் நடக்க வைத்த குரல் இந்த மாவட்டத்திலேயே என்னுடையது ஒன்றுதான் என்று எல்லப்பனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தான்: “தூக்கமாவது கீக்கமாவது! ஒருத்தி ஒத்தக் கண்ணத் தொறந்து என்னியப் பாத்துச் சிரிச்சிது நைனா.”

கட்டு

சில வருஷம் கழித்து எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, கண்ணுக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எருமைகள் எழுந்து நிற்கும் இடம் வந்ததும் பழைய குரல் தானாக வந்துவிட்டது. வார்டே அதிர்ந்திருக்கும்.

யாரோ மெத்தென்று நடந்து வந்து, தலையணையைச் சரிசெய்து, போர்வையை இழுத்துவிட்டார்கள். முகம் தெரியவில்லை. மூச்சுக்காற்று மாதிரி ஒரு குரல் மட்டும் காதோரம் கேட்டது. அப்படிப் பேச அவள் எங்கிருந்து கற்றாள் என்று எனக்குத் தெரியும். “தாத்தா, மெதுவாப் பேசுங்க. நைட் டூட்டி பாத்த பிள்ளைய உள்ள தூங்குதுவ.”

ஊரை எழுப்ப மைக் பிடித்த எனக்குக் கடைசியில் கிடைத்த தீர்ப்பும் வாயை மூடு என்பதுதான் என்பதால் மூடிக்கொள்கிறேன், நீங்களும் இதைச் சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், தேவராஜ் இது தெரியாமல் இன்னும் மத்தியானத்தில் தூங்குகிறாராம்.